லூபஸ் சிறுநீரகமும் வகுப்பு எண்ணும்

வடசென்னையில் சிறுநீரக மருத்துவம் பார்க்கும் என்னிடம் வரும் லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் தன் உறுப்புகளையே தாக்கும் நோய்) நோயாளிகளில் பெரும்பாலோர் இளம்பெண்கள். மூட்டுவலி, முடி உதிர்தல் என்று தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ அருகிலுள்ள கிளினிக்கில் காட்டி, பின்னர் சிறுநீரில் புரதம் போவது தெரிந்து, சிறுநீரகத்தில் சிறு துண்டுத் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கு வருகிறார்கள். அறிக்கையைக் கையில் வாங்கியதும் கூட வந்திருக்கும் அம்மா கேட்பது, "எத்தனாவது ஸ்டேஜுங்க டாக்டர்?" என்பதைத்தான்.

அறிக்கையில் இருப்பது ஸ்டேஜ் அல்ல. 2003இல் உருவாக்கப்பட்டு 2018இல் திருத்தப்பட்ட பகுப்பின்படி லூபஸ் சிறுநீரக நோய் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்படுகிறது. ஆனால் எண் கூடக்கூட நோய் முற்றுகிறது என்று அதைப் படிக்கக் கூடாது. முதலிரண்டு வகுப்புகளில் பாதிப்பு லேசானது. இரத்தத்தை வடிகட்டும் குளோமெருலஸ்களில் பாதிக்கும் குறைவானவற்றில் அழற்சி இருந்தால் மூன்றாம் வகுப்பு, பாதியோ அதற்கு மேலோ என்றால் நான்காம் வகுப்பு. சிகிச்சை தாமதமானால் சிறுநீரகத்தை விரைவாக அழிப்பவை இவையே. ஐந்தாம் வகுப்பில் புரதம் ஏராளமாக வெளியேறி உடல் வீங்கும், இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. என்றாலும் அது தனியாக வரும்போது சிறுநீரகச் செயலிழப்பு பொதுவாக மெதுவாகவே நேர்கிறது. ஆறாம் வகுப்பு என்பது குளோமெருலஸ்களில் தொண்ணூறு சதவீதமோ அதற்கு மேலோ தழும்பாகிப்போன சிறுநீரகம். அதை மீட்க ஸ்டீராய்டைக் கூட்டிக் கொடுப்பதில் பயனில்லை.

ஒரே நான்காம் வகுப்பு என்று அறிக்கை வந்த இரண்டு பெண்களில் ஒருவர் சில ஆண்டுகளில் வேலைக்குத் திரும்பிவிட, மற்றவர் டயாலிசிஸுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நான் வகுப்புக்கு அடுத்தபடியாகத் தேடுவது இரண்டு மதிப்பெண்களை: தற்போதைய அழற்சிக்கு 24க்கு எவ்வளவு, நிரந்தரத் தழும்புக்கு 12க்கு எவ்வளவு என்பவை. அழற்சி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் மைக்கோஃபினோலேட், சைக்ளோபாஸ்பமைடு போன்ற எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளுக்கு அடங்க வாய்ப்புண்டு. தழும்பு மருந்துக்கு மசியாது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்கு இடையிலான திசுவில் படியும் தழும்பு, குளோமெருலஸைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால், நம் கவனத்திலிருந்து எளிதில் நழுவிவிடுகிறது என்பது என் எண்ணம்.

பயாப்ஸிக்குப் பின்னால் வரும் ஓராண்டும் அதே அளவு முக்கியமானது. பன்னிரண்டாம் மாதத்தில் ஒரு நாளைய புரத வெளியேற்றம் 0.7 அல்லது 0.8 கிராமுக்குக் கீழே இறங்கியவர்களுக்குச் சிறுநீரகம் நெடுநாள் தாங்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. அந்த ஓராண்டில்தான் ஸ்டீராய்டால் முகம் உப்பி, பருக்கள் வந்து, கல்யாணப் பேச்சும் எழுந்து, வீக்கம் வடிந்ததே போதும் என்று மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். பெண்ணைக் குறைசொல்வதில் பொருளில்லை. ஸ்டீராய்டின் அளவை எப்போது, எப்படிக் குறைப்போம் என்பதை முதல் நாளே அவரிடம் சொல்லாத மருத்துவமனைகள்தான் அதிகம். லூபஸுக்கான அடிப்படை மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினை மட்டும் எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தக் கூடாது என்று நான் வற்புறுத்துவதுண்டு.

வகுப்பும் நிலையானதல்ல. இரண்டாம் வகுப்பாக இருந்த நோய் மீண்டும் கிளம்பும்போது நான்காக மாறியிருக்கலாம். அதனால் புரதம் திரும்பக் கூடினால் பழைய அறிக்கையை நம்பி மருந்து எழுதாமல் மறுபடியும் பயாப்ஸி செய்யச் சொல்கிறேன். குழந்தை பெற விரும்புகிறவரிடம், நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும், கருவைப் பாதிக்கக்கூடிய மைக்கோஃபினோலேட்டை முன்கூட்டியே அசாதயோபிரின் என்ற மருந்துக்கு மாற்ற வேண்டும் என்பதை, கணவரையும் மாமியாரையும் உட்கார வைத்துக்கொண்டே விளக்குகிறேன்.