183,600 வெள்ளி

பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தருமாறு செயலாளர் கேட்ட அதே வாரத்தில்தான் நம் தமிழ் ஆசிரியர் மறைந்த செய்தியும் பினாங்கிலிருந்து மெல்பர்னுக்கு வந்து சேர்ந்தது. சனிக்கிழமை வகுப்பைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 15 பேர் சேராவிட்டால் தாய்மொழி வகுப்பே கிடையாது என்பதால் அவர் வாசலில் நின்று தலைகளை எண்ணியதும், கணக்குக் குறைந்த நாள்களில் திடலில் பந்து விளையாடியவர்களைப் பிடித்து வந்ததும் (பிடிபட்டவர்களில் இருவர் இன்று சங்கத்தின் காப்பாளர்கள்) எல்லாருக்கும் நினைவிருக்கும்.

எனக்கு நிற்பது அவருடைய கரும்பலகை எழுத்து. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்த பிறகும், லை, னை முதலியவற்றைப் யானைத் தும்பிக்கை போல் வளையும் பழைய ஐகாரக் குறியோடு ஒரு முறையும் புதிய வடிவில் ஒரு முறையும் எழுதிக் காட்டி, "இரண்டும் கைக்கு வர வேண்டும்" என்பார். சுண்ணக்கட்டியைச் சற்றே சாய்த்து அந்தத் தும்பிக்கையை அவர் ஒரே இழுப்பில் வளைக்கும்போது, கோடு தடித்துத் தொடங்கி மயிரிழையாய் முடியும். செய்யுளை விட்டுவிட்டு நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் படிவம் முடித்தபின், 1984இல், அவர் எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தால் ஒரு வங்கியில் எனக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. மாதம் 450 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். மாலையானால் மார்க்கெட் ஸ்திரீட்டில் பெயர்ப்பலகை எழுதுபவர் ஒருவரிடம் எடுபிடியாக நிற்பேன். சுண்ணத்தூள் தடவிய நூலைத் தகரத்தின்மேல் சுண்டி வரி போடவும், எனாமல் பெயின்ட் வழியாமல் தூரிகையை இழுக்கவும் அங்கே கற்றேன். பலகையில் மலாய் எழுத்துதான் பெரிதாக நிற்க வேண்டும் என்பது விதி. தமிழுக்குக் கிடைப்பது கீழே ஒரு சாண். அந்த ஒரு சாணுக்குள் 'சேலை மாளிகை' என்று எழுதச் சொன்ன முதலாளி ஒருவர், தும்பிக்கை வைத்த லைதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். அதை எழுதி முடித்த இரவில் வேலையை விட்டுவிடத் தீர்மானித்தேன். பினாங்குப் பாலம் திறந்த 1985 செப்டம்பரில் விலகினேன். மின்னணுத் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு நடந்த ஆண்டு அது என்பதையும் சேர்த்துச் சொன்னால் என் அறிவின் அளவு விளங்கும்.

அடுத்த சனிக்கிழமை, அவரிடம் நேரில் சொல்லிவிடுவதே மரியாதை என்று வகுப்புக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. கரும்பலகையில் 450 என்று எழுதி, அதை 12ஆல் பெருக்கி, இவருக்கு வயது 21, ஓய்வு பெறும் வயது 55, ஆக மொத்தம் எவ்வளவு என்று மாணவர்களைக் கேட்டார். முன்வரிசைப் பையன் ஒருவன் முதலில் எழுந்து, "183,600 வெள்ளி, சார்" என்றான். அவர் அந்த எண்ணையும் எழுதி, "இதை இவர் தூரிகையால் சம்பாதித்துக் காட்டுவார்" என்றார். அதுவரை என்னை 'தம்பி' என்று மட்டுமே அழைத்தவர் அந்த 'இவரை' எங்கிருந்து எடுத்தாரோ. அவமானத்தில் காது எரிய நின்றபோதும், அந்த 8இன் இடுப்பு எவ்வளவு அழகாக ஒடுங்கியிருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய கோபத்தின் காரணம் பிறகே தெரிந்தது. கூட்டுத்தொகை சொன்ன அதே பையனுக்காக அவர் மறு ஆண்டு இன்னொரு கடிதத்தோடு போனபோது, உங்கள் பிள்ளைகள் நிலைப்பதில்லையே என்று வங்கி மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டாராம். பையன் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனான். நான் துறந்தது என் சம்பளத்தை மட்டும் என்று எண்ணியிருந்தேன்.

என் கலையும் நீடிக்கவில்லை. கணினி வெட்டித் தரும் ஸ்டிக்கர் எழுத்து கடைத்தெருவுக்கு வந்தபின், கோலாலம்பூரில் விளம்பர நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு இங்கே வந்துவிட்டேன். இன்று எழுத்துகளைத் திரையில்தான் நகர்த்துகிறேன். வங்கியை விட்டதற்காக நான் வருந்தியதில்லை. கடைத்தெருவை விட்டதற்காக வருந்தாத ஆண்டில்லை.

கடைசியாகப் பினாங்கின் ஆயர் ஈத்தாம் வீட்டில் அவரைப் பார்த்தபோது நினைவு மங்கியிருந்தது. என் கையைப் பற்றிக்கொண்டு, "தம்பி, பேங்கில் பதவி உயர்வு வந்ததா?" என்று கேட்டார்.

"வந்தது, சார்" என்றேன்.