150.0583-க்கு இருபுறமும் முளைத்த குட்டி பீக்குகள்

மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை ஆர்பிட்ராப்பில் (அயனிகளின் நிறையை அளக்கும் கருவி) ஓட்டினால், புரோட்டான் ஏறிய அயனியின் பீக், அதாவது வரைபடத்தில் எழும் முகடு, 150.0583-இல் வரும் (நிறையை மின்சுமையால் வகுத்த எண்). அடுத்த நிறையில் மூன்று ஐசோடோப் பீக்குகள் (ஓர் அணுவுக்குப் பதில் அதே தனிமத்தின் கனமான அணு இருப்பவை): நைட்ரஜன்-15 151.0554, கந்தகம்-33 151.0577, கார்பன்-13 151.0617. ரெசல்யூஷனை (நெருங்கிய நிறைகளைப் பிரித்துக் காட்டும் திறன்) 120,000-இல் வைத்தால் மூன்றும் பிரிந்து நிற்கும், பார்க்கவே அழகு.

ஆனால் மென்பொருள் தரும் பட்டியலில் 150.0583-ஐ ஒட்டி இருபுறமும் சின்னச் சின்ன பீக்குகளும் இருக்கும். "அக்கா, இது புதுசா ஏதாவதா?" என்று லேபில் சேரும் ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். புதுசும் இல்லை, பழசும் இல்லை. அங்கே அயனியே இல்லை. ஆர்பிட்ராப் அயனிகளின் ஊசலாட்டத்தைக் கொஞ்ச நேரம் பதிவுசெய்து, ஃபூரியர் கணக்கால் நிறையாக மாற்றுகிறது. பதிவு சட்டென்று முடிவதால், உயரமான பீக்கின் இருபுறமும் கணக்கிலேயே அலை எழும். அதை அடக்கத்தான் பதிவின் ஓரங்களை மெல்லத் தேய வைக்கும் விண்டோ ஃபங்ஷன் போடுகிறார்கள். இருந்தும் மிச்சம் தெரியும்.

பட்டியலை முறைத்துப் பார்த்துப் பயனில்லை. அதே மாதிரியை ரெசல்யூஷன் 60,000-இல் ஓட்டச் சொல்வேன். பதிவு நேரம் பாதியாகும், போலி பீக் ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளிப் போய் நிற்கும். நிஜ ஐசோடோப் இருந்த இடத்திலேயே இருக்கும். 1913-இல் இயற்பியலாளர் ஜே. ஜே. தாம்சன் நியானில் நிறை 22-க்கான கோட்டைப் பார்த்தபோதும் இதே சந்தேகம்தான்: இரட்டை மின்சுமை ஏறிய கார்பன் டைஆக்சைடாக இருக்குமோ, 44-இல் பாதி? வாயுவைத் திரவக் காற்றில் குளிர்ந்த குழாய் வழியாக விட்டு கார்பன் டைஆக்சைடை நீக்கினார். 22 அசையவில்லை.

ஹார்மோனிக் (அதிர்வெண்ணின் முழு எண் மடங்கு) இன்னொரு வகைப் போலி. ஆர்பிட்ராப்பில் அதிர்வெண் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம் என்பதால், 900-இல் உள்ள பெரிய பீக்கின் மூன்றாம் ஹார்மோனிக் 100-இல் வந்து உட்காரும். ஒன்பதால் பெருக்கிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

எனக்கு எரிச்சல் தருவது இவை அல்ல, நிஜ பீக்குகள்தான். சிறுநீர் மாதிரியில் 152.0541-இல் கந்தகம்-34 வர வேண்டும், தாய் பீக்கில் சுமார் 4.5 சதவீதம். அப்புறம் 152.0706-இல் ஒன்று ஓங்கி நிற்கும். ரெசல்யூஷனை எப்படி மாற்றினாலும் நகராது, கருவிக்கு முன்னால் உள்ள பிரிப்புக் குழாயிலிருந்து மெத்தியோனின் வெளிவரும் நேரத்தோடும் ஒத்துப்போகாது. மாதிரி கொடுத்தவர் தலைவலிக்குப் பாராசிட்டமால் போட்டிருப்பார், அந்தப் பீக் அதுதான்.