ஜெராக்ஸ் மையில் ஊர்: ன்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பியின் வேலைமுறை

பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அந்த ஓவியம் ஒரு வீட்டுக் கூடம், அவ்வளவுதான். மேசை, நாற்காலி, எங்கோ பார்த்தபடி ஒரு பெண். கிட்டே போனால்தான் சுவரும் தரையும், சில இடங்களில் அவள் கையும்கூட, பொடிப்பொடி நிழற்படங்களால் ஆனவை என்று தெரிகிறது. நைஜீரியப் பத்திரிகைப் பக்கங்கள், பாப் பாடகர்கள், குடும்ப ஆல்பத்துக் கல்யாணங்கள். எதையும் வெட்டி ஒட்டவில்லை. காகிதத்துக்குள் இறங்கிய மை அது.

இதை வரைந்த ன்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி 1983இல் நைஜீரியாவின் எனுகு நகரில், இக்போ இனத்தில் பிறந்தவர். தாய் டோரா அகுன்யிலி, போலி மருந்துகளை விரட்டியதால் நாடே அறிந்தவர். அவருக்குக் குலுக்கலில் அமெரிக்கக் குடியேற்ற விசா கிடைக்க, 1999இல் மகள் அங்கே போனார். உயிரியலோடு ஓவியமும் படித்து, 2011இல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தார். யேல் இருக்கும் ஊர் நியூ ஹேவன். எனுகுவிலும் நியூ ஹேவன் என்றொரு பேட்டை உண்டு. 2012இல் வரைந்த ஒரு படத்துக்கு ‘5 உமெசெபி தெரு, நியூ ஹேவன், எனுகு’ என்று முகவரியையே பெயராக வைத்தார். இரண்டு ஊரும் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன.

ஒரு தாளில் அச்சான படத்தின் மையை இன்னொரு காகிதத்துக்கு இறக்குவதுதான் அவருடைய நகல் பதிவு. இதற்கு லேசர் அச்சோ ஜெராக்ஸோ வேண்டும். அவற்றின் மையான டோனர் என்பது நிறமேற்றிய பிளாஸ்டிக் தூள். நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் திரவம் பட்டால் இளகி அடுத்த காகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். இங்க்ஜெட் மை இப்படி இறங்காது. பலர் முதலில் கோட்டை விடுவது இங்கேதான். படத்தை இடவலம் திருப்பி அச்சடிக்க வேண்டும். இல்லையேல் பின்னணிச் செய்தித்தாளின் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிவிடும். அடித்தளத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமனான வழவழப்புப் பருத்திக் காகிதம் நல்லது. சொரசொரப்பான காகிதத்தில் பள்ளங்கள் வெள்ளையாகவே நின்றுபோகும்.

அச்சுப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, ஒரு ஓரத்தை மட்டும் டேப்பால் ஒட்டுங்கள். துணியில் அசிட்டோனைத் தொட்டு மூன்று நான்கு அங்குல இடத்தை மட்டும் நனைத்து, உடனே கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். அசிட்டோனின் கொதிநிலை 56 டிகிரிதான் என்பதால் முழுத் தாளையும் நனைத்தால் கடைசி மூலைக்குப் போவதற்குள் முதல் மூலை காய்ந்திருக்கும். துணி சொட்டச்சொட்ட இருந்தால் டோனர் கசிந்து முகங்கள் சேறாகும். போதாவிட்டால் பேய்ப்படம் மாதிரி வெளிறும். மெல்ல ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்கலாம்; முழுதாக எடுத்துவிட்டால் அதே இடத்தில் திரும்பப் பொருத்த முடியாது. சில புதிய இயந்திரங்களின் டோனர் எளிதில் இளகுவதில்லை. எந்தக் கடை ஜெராக்ஸ் நன்றாக இறங்குகிறது என்று முதலிலேயே துண்டுத்தாளில் பார்த்துக்கொள்வது நல்லது.

நெருப்பு பக்கத்தில் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மின்விசிறியைத் தலைக்கு மேலே சுழலவிட்டால் அசிட்டோன் இன்னும் சீக்கிரம் பறக்கும். காற்றை வெளியே தள்ளும் விசிறிதான் சரி. மருத்துவமனை நைட்ரில் கையுறையை அசிட்டோன் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் தாங்கும்.

அக்ரிலிக் வண்ணத்தை அசிட்டோன் கரைக்கும். ஆகவே நகல் பதிவு முதலில், வண்ணம் பிறகு. முகத்தைத் தீட்டி முடித்தபின் “இங்கே ஒரு ஆல்பப் படம் வந்தால் நன்றாயிருக்கும்” என்று தோன்றினால் காலம் கடந்துவிட்டது. எங்கே சுவர், எங்கே தோல், எங்கே வெறுமை என்பதையெல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். ஏழடி உயரப் படத்தில் இந்தத் திட்டத்துக்கே வாரக்கணக்கில் ஆகும். அவர் அதிகம் படம் போடாததில் வியப்பில்லை.

கறுத்த தோலுக்கு டியூபில் வரும் கறுப்பு வண்ணத்தை அப்படியே எடுப்பது சோம்பல். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் கலந்தால் உயிருள்ள கருமை கிடைக்கும். ஒளிபடும் கன்னத்தில் வெள்ளையைக் கலந்தால் தோல் சாம்பல் பூத்தாற்போலாகும். அங்கே வேண்டியது ஜன்னலின் நீலச்சாயல். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும் என்பதால் ஈரத்தில் சற்று வெளிறலாகவே நிறுத்த வேண்டும்.

துணிகள் தனிக் கதை. மேற்கு ஆப்பிரிக்கர் தம் அடையாளமாகக் கொண்டாடும் மெழுகு அச்சுத் துணி, ஜாவாவின் மெழுகுச் சாயத் துணியான பாத்திக்கைப் பார்த்து ஐரோப்பிய ஆலைகள் இயந்திரத்தில் செய்தது. இக்போ பெண்கள் கல்யாணத்துக்கு உடுத்தும் ‘ஜார்ஜ்’ துணியின் பெயர் நம் சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து போனது என்பார்கள். பரம்பரைச் சொத்து என்பதே கப்பலேறி வந்ததுதான் போலும்! நைஜீரியாவில் தேர்தலுக்கும் சாவுக்கும் முகம் அச்சிட்ட துணி அடிப்பது வழக்கம். தாயின் முகம் பதித்த அத்தகைய துணியை அவர் படங்களில் கொண்டுவந்திருக்கிறார். தாய் 2014இல் இறந்தார். படத்தில் யாரும் அழுவதில்லை. துணி மடிப்பில் அந்த முகம் திரும்பத் திரும்ப வருகிறது, நகலெடுக்க எடுக்க மங்கியபடி.

இவரைப் பார்த்துச் செய்பவர்கள் பெரும்பாலும் எல்லா இடத்தையும் நினைவுகளால் அடைத்துவிடுகிறார்கள். இவரோ பெரிய பெரிய ஒற்றைநிறப் பரப்புகளை விடுகிறார். கண் அங்கே இளைப்பாறிய பிறகுதான் நகல்களுக்குள் இறங்கும். உருவங்களும் நம்மைப் பார்த்து இரக்கம் கேட்பதில்லை; முதுகைக் காட்டியோ தலை குனிந்தோ தம் பாட்டில் இருக்கும். புலம்பெயர்ந்தவர் என்றாலே பெட்டியும் கண்ணீருமாக வரைகிற பழக்கத்துக்கு இதுவே பதில் என்பது என் எண்ணம்.

இத்தனை பெரிய காகிதத்தை ஊர்விட்டு ஊர் அனுப்ப வேண்டியிருந்தால் வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி, அகன்ற குழாயில் தளர்வாகச் சுற்றுங்கள். இடையில் சிலிக்கோன் பூசிய தாள் வையுங்கள். சாதாரணத் தாள் அக்ரிலிக்கில் ஒட்டிக்கொள்ளும். குளிரில் அக்ரிலிக் விறைத்து, வளைத்தால் வெடிக்கும். பனிநாட்டில் போய் இறங்கினால் ஒரு நாள் அறைச் சூட்டில் கிடக்கவிட்டு அப்புறம் பிரியுங்கள்.