மலருக்குப் புரூவ் பார்த்த மாலைகள்

எங்கள் பாடசாலை மலர் யாழ்ப்பாணத்து அச்சகமொன்றில் ஈய எழுத்துக் கோத்து அச்சான காலம் அது. உயர்தர வகுப்பில் தமிழ் படித்த சிலரைத் தமிழாசிரியர் புரூவ் பார்க்கக் கூட்டிப் போவார். ஒருவர் கையெழுத்துப் பிரதியை உரக்க வாசிக்க வேண்டும், காற்புள்ளி முற்றுப்புள்ளியையும் சொல்லி. மற்றவர் அச்சுத்தாளில் எழுத்தெழுத்தாகப் பார்த்துப் போவார். "கருத்தை விடும் தம்பி, எழுத்தைப் பாரும்" என்பார் சேர். கருத்தில் மனம் போனால், விடுபட்ட எழுத்தையும் கண் தானாக நிரப்பிவிடும்.

ரகரமும் அரவும் (துணைக்கால்) அச்சில் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் அடிக்கடி இடம் மாறும். இரண்டாம் புரூவில்தான் சேருக்குக் கூடுதல் கவனம். ஒரு சொல் நீண்டால் அடுத்த வரிகளையும் கலைத்துக் கோக்க வேண்டும், அதில் புதுப்பிழை புகும். அதனால் பந்தி முழுவதையும் திரும்ப வாசிப்போம். 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் தொடங்கிப் பிழையில்லாப் பதிப்புக்குப் பெயரெடுத்த ஊரல்லவா! அந்தப் பெருமை சேரின் பேச்சில் எப்போதும் இருக்கும்.

கூடிய நேரம் எடுப்பது பெயர்ப் பட்டியல்கள். பரிசு பெற்றோர், துடுப்பாட்ட அணி, சாரணர். கட்டுரையில் எழுத்துப் பிழைத்தால் வாசிப்பவரே திருத்தி வாசிப்பார். பெயரை யார் திருத்துவது? முன்னெழுத்து மாறினால் தகப்பனே மாறிப்போகிறார். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தது. 1995 இடப்பெயர்வில் எத்தனையோ வீடுகளின் படங்களும் பத்திரங்களும் போயின. எங்களோடு படித்த சிலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் பெயர் அச்சில் இருக்கும் ஒரே இடம் அந்த மலராகவும் இருக்கலாம். அங்கே அது சரியாக இருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய நிறைவு.

இப்போது புலம்பெயர்ந்த இடத்தில் பழைய மாணவராக நாங்கள் போடும் மலரில் வேறு சிக்கல். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை யுனிகோடுக்கு மாற்றினால் சில எழுத்துகள் குழம்பும், அதைக் கண்டுபிடித்துவிடலாம். பெயர்கள் ஆங்கிலத்தில் வருவதுதான் பெரிய வில்லங்கம். லகரமா, ளகரமா, ழகரமா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த மென்பொருளுக்கும் அது தெரியாது. கேட்கத்தான் வேண்டும். அஞ்சலிப் பக்கத்துக்குக் குடும்பத்தவரிடம் இரண்டு தரம் கேட்கிறோம். மலர்க்குழுவிலிருந்து அழைப்பு வந்தால் தயவுசெய்து எடுங்கள்; உங்கள் பெயரையும் தகப்பனார் பெயரையும் தமிழில் எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்.