துடைப்பத்தை மறந்திருந்தோம்

கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறையில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். சுவரில் காடி வெட்டும் மெஷினுக்குத் தூசி உறிஞ்சும் கருவி செய்வதுதான் நாலைந்து வருடமாக என் முக்கிய வேலை. வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், ஒயரிங் பைப் புதைக்க எலெக்ட்ரிசியன் மெஷினைச் சுவரில் வைத்த சில நொடிகளில் அறைக்குள் எதிரில் நிற்கும் ஆள் தெரியாது.

கண்ணில் படும் பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். மணல், எம்-சாண்ட், ஜல்லி எல்லாவற்றிலும் சிலிக்கா என்ற கனிமம் இருக்கிறது. அது 5 மைக்ரானுக்கும் கீழே பொடியாகும்போதுதான் நுரையீரலின் அடிவரை போகிறது. தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். உள்ளே போன துகளை உடம்பால் கரைக்க முடியாது. சுற்றிலும் தழும்பு இறுகிக்கொண்டே போகும். சிலிகோசிஸ் என்கிறார்கள். குணப்படுத்த மருந்து இல்லை. பெரும்பாலும் பத்து வருடத்துக்கு மேல் உழைத்த பிறகுதான் மூச்சு இரைக்கத் தொடங்கும். காசநோய் என்று நினைத்து அதற்கான மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களும் உண்டு. 2 மைக்ரான் துகள் ஆள் உயரத்திலிருந்து அசையாத காற்றில் தரைக்கு இறங்க சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். வெட்டி முடித்து, டீ குடித்துவிட்டுத் திரும்பி வரும்போதும் அது மூக்கு உயரத்தில்தான் நிற்கிறது.

தண்ணீர் விட்டு வெட்டினால் பாதிப் பிரச்சினை தீருமே என்று கேட்பார்கள். உண்மைதான். டைல்ஸ் வெட்டுகிறவர்கள் தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, உதவியாளை ஊற்றச் சொல்லி வெட்டுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அருமையான ஏற்பாடு. ஆனால் அறைக்குள், 230 வோல்ட் மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேலே காடி வெட்டுகிற ஆளிடம் தண்ணீர் விடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் உறிஞ்சுவது என்று முடிவு செய்தோம்.

அமெரிக்காவில் 2016-இல் வந்த சிலிக்கா விதி எனக்குக் கைவிளக்காக இருந்தது. எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம்தான் உச்சவரம்பு. எங்கள் மெஷின் போன்ற கை கிரைண்டருக்கு, வெட்டும் சக்கரத்தின் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 25 கன அடி காற்றை இழுக்க வேண்டும் என்கிறது. 4 அங்குலச் சக்கரத்துக்கு 100 கன அடி. மோட்டார், காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் சைக்ளோன், ஃபில்டர் எல்லாம் அந்தக் கணக்கில் போட்டோம். சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் சுற்றுகிறது. தூசியும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் கிளம்பும். அதைத் துரத்திப் பிடிக்க எந்த மோட்டாராலும் ஆகாது. கிளம்புகிற திசையிலேயே உறிஞ்சும் வாய் காத்திருக்க வேண்டும்.

முதல் மாதிரியைச் சரவணம்பட்டி பக்கம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் கொடுத்தோம். மறுநாள் போனால், தூசியைப் பிடிக்கச் சக்கரத்தைச் சுற்றி மாட்டும் கூடு கழற்றி மூலையில் கிடந்தது. எலெக்ட்ரிசியன் அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இதை மாட்டினா நூல் அடிச்ச கோடு தெரியலீங்க சார். கோணலா வெட்டினா மேஸ்திரி என்னைத்தானுங்க கேப்பாரு."

அவர் சொன்னது முழுக்க நியாயம். கோடு தெரியாத கருவியை யார் மாட்டுவார்கள்? பாலிகார்பனேட் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் கூட்டுக்குச் சன்னல் வைத்தோம். இரண்டே நாளில் தூசி உரசிப் பால் நிறமாகிவிட்டது. கடைசியில் கூட்டின் முன்விளிம்பில் 'வி' வடிவில் ஒரு சின்ன வெட்டு, அதன் நேர்கோட்டில் சக்கரம். அந்த வெட்டைக் கோட்டின் மேல் வைத்துத் தள்ளினால் போதும். அதோடு கூட்டுக்கு ஸ்பிரிங்கும் போட்டோம். சக்கரம் சுவரைத் தொடும் முன்பே கூட்டின் உதடு சுவரில் அழுந்திவிடும். வெட்டத் தொடங்கும் அந்த முதல் நொடியில்தான் தூசி அதிகம் தப்பிக்கொண்டிருந்தது. அறையை இருட்டாக்கி, எதிர்ப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் அதுவே எங்களுக்குப் பிடிபட்டது.

சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்தது. சித்தாள் அக்கா ஒருவர், சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு, உறிஞ்சிய தூசி சேரும் எங்கள் டிரம்மைத் தூக்கித் தரையில் கவிழ்த்தார். நாள் முழுக்க நாங்கள் பிடித்து வைத்த பொடி அத்தனையும் ஒரே மூச்சில் கிளம்பியது. அப்புறம் தென்னந்துடைப்பத்தால் அதைப் பெருக்கி, சிமெண்ட் சாக்கில் அள்ளினார். வெயில் கீற்றில் அவர் முகத்தைச் சுற்றிப் பொடி மின்னிக்கொண்டு நின்றது.

எலெக்ட்ரிசியனைக் காப்பாற்றி, அவர் சுவாசிக்க வேண்டிய தூசியைச் சேர்த்து வைத்து அந்த அக்காவிடம் கொடுத்திருக்கிறோம். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வரைபடத்தில் மெஷின் இருந்தது, அதைப் பிடிக்கும் கை இருந்தது. கொட்டுகிறவரும் பெருக்குகிறவரும் எந்தத் தாளிலும் இல்லை.

டிரம்முக்குள் தடித்த பிளாஸ்டிக் பை வைக்கலாம் என்பது உடனே தோன்றிவிட்டது. ஆனால் மோட்டாரைப் போட்டதும் உறிஞ்சு விசை பையையே மேலே இழுத்துச் சுருட்டி சைக்ளோனின் வாயை அடைத்தது. வலை வைத்தோம், கம்பி வளையம் வைத்தோம், எதுவும் நிற்கவில்லை. கடைசியில் டிரம்மின் பக்கச் சுவரிலிருந்து உறிஞ்சும் பக்கத்துக்கு ஒரு சின்னக் குழாய் கொடுத்தோம். பைக்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமானது. பை அடங்கிப் படுத்துக்கொண்டது. இப்போது பையின் கழுத்தை முறுக்கி, பிளாஸ்டிக் டேக்கால் கட்டி, அப்படியே தூக்கி எடுத்துவிடலாம். தப்பிய தூசிக்கு, அதே ஹோஸில் மாட்டும் அகலமான தரை வாயையும் கருவியோடு சேர்த்தே கொடுக்கிறோம். தனியாக விலை போட்டால் அதை யாரும் வாங்குவதில்லை.

அடுத்த முறை போனபோது அந்த அக்காவிடமே பையைக் கட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு முறுக்கு முறுக்கி, டேக்கை இறுக்கி, தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கனமா இருக்குங்க. பாதி ரொம்புனதுமே மாத்திக்கலாமுங்களா?"

பாதி உயரத்தில் டிரம்முக்கு வெளியே ஒரு சிவப்புக் கோடும், உள்ளே பார்க்க ஒரு சின்னக் கண்ணாடியும் வைக்க அளவு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.