22 கேள்விகள்

ஏப்ரல் 8, செவ்வாய்

இரவு 11.40. மகள் தூங்குகிறாள். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

இன்றைய கால்பந்து ஆட்டத்தில் இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். உயரமாக வந்த பந்துக்கு அவளும் இன்னொருத்தியும் ஒன்றாகக் குதித்தார்கள். தலையும் தலையும் மோதிய சத்தம் நான் உட்கார்ந்திருந்த இடம் வரை கேட்டது. விழுந்தவள் உடனே எழுந்தாள். எழுந்துவிட்டாளே என்று நான் கைதட்டினேன். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

ட்ரெய்னர்தான் கவனித்தார். எழுந்தவள் தன் கோல் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமாக நடந்தாளாம். வெளியே கூட்டிவந்து உட்காரவைத்தார். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று அழுதாள். இன்றைக்கு இனி இறங்க முடியாது, சட்டம் அப்படி என்றார்.

ஏப்ரல் 9

வாந்தி இல்லை, கண்மணிகள் இரண்டும் ஒரே அளவு, தலைவலி கூடவில்லை. அதனால் ஸ்கேன் வேண்டாம் என்றார் டாக்டர். மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் ஸ்கேனில் தெரியுமாம், கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்கிப்போவது, தெரியாதாம். பிறகு எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

ஒரு தாள் கொடுத்தார். 22 அறிகுறிகள். தலைவலி, வெளிச்சம் கூசுவது, தலை மந்தமாக இருப்பது, எரிச்சல், காரணமில்லாத சோகம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை அவளே எண் போட வேண்டும். இன்று கூட்டினால் 47.

அம்மா போனில், "ராத்திரி தூங்க விடாதேடி" என்றாள். டாக்டர் பார்த்துவிட்டார், தூக்கம்தான் இப்போது மருந்து என்றேன். நம்பவில்லை. நானும் இரண்டு மணிக்கு எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

ஏப்ரல் 10

41. குளியலறை விளக்கைப் போடாமலே குளிக்கிறாள்.

ஏப்ரல் 11

நாள் முழுக்க இருட்டறையில் படுக்கவைப்பது பழைய முறையாம். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, போனைக் குறைப்பது. அப்புறம் தலைவலி கூடாத அளவுக்கு நடக்கலாம். தெருமுனை வரை நடந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு பெரியவளான பிறகு இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 13, ஞாயிறு

சேக்கரி லிஸ்டெட் என்ற பையனைப் பற்றிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. 2006, வாஷிங்டன் மாநிலம், வயது 13. அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடி. கொஞ்ச நேரம் வெளியே உட்கார்ந்துவிட்டு மறுபடி இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். மூளையில் ரத்தக் கசிவு. உயிர் பிழைத்தான், ஆனால் பேச்சையும் நடையையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கற்க வேண்டியிருந்தது.

அவன் பெயரில் 2009-ல் அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது: அடிபட்ட சந்தேகம் இருந்தால் வெளியேற்று, மருத்துவ அனுமதி இல்லாமல் திரும்ப விடாதே. 2014-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை என் பெண்ணைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தியது அந்தப் பையன்தான். அவனுடைய அம்மாவை நினைத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தேன்.

ஏப்ரல் 14

0.

22 இடத்திலும் சைபர். நேற்று 33. வியாழக்கிழமை ஆட்டம் இருக்கிறது. குளியலறை இன்றும் இருட்டு.

ஸ்கேன் காட்டாது, வெளியே காயம் இல்லை. பெரும்பாலும் அவள் சொல்வதை வைத்துத்தான் எல்லாரும் முடிவெடுக்கிறார்கள். அவளே மறைத்தால்? சீசன் தொடங்கும்போது கம்ப்யூட்டரில் ஒரு சோதனை வைப்பார்கள், அடிபட்டால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க. சில பிள்ளைகள் அதிலேயே வேண்டுமென்று தப்பாகப் பதில் போடுவார்களாம், பின்னால் வித்தியாசம் தெரியாமல் இருக்க. குழந்தைகள் இதையெல்லாம் எங்கே கற்றுக்கொள்கிறார்கள்? ஆடாவிட்டால் தன் இடம் போய்விடும் என்ற பயத்தை யார் இவ்வளவு ஆழமாக உள்ளே வைத்தது? எழுந்ததும் கைதட்டினேனே. நானும்தான்.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 15

இரவு பத்து மணிக்கு வந்து என் பக்கத்தில் படுத்தாள். "அந்த ஸீரோ பொய்ம்மா." விளக்கை அணைத்துவிட்டு இருவரும் சேர்ந்து மறுபடி எண் போட்டோம். 29. திட்டவில்லை. ரொம்ப நேரம் அழுதாள்.

ஏப்ரல் 17, வியாழன்

பள்ளி அரை நாள். முழு நாள் வகுப்பைத் தாங்கிய பிறகுதான் மைதானம்.

கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தாள். பாதியில் இடி. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரும் இறங்கக் கூடாது, நடுவில் ஒன்று கேட்டாலும் எண்ணிக்கை முதலிலிருந்து. மூன்று தடவை முதலிலிருந்து எண்ணினோம். பக்கத்து காரில் ஒருவர் நடுவரைத் திட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த நடுவர்மேல் அப்படி ஒரு நன்றி வந்தது.

ஏப்ரல் 22

6. வெளிச்சம் மட்டும் இன்னும் கூசுகிறது.

ஏப்ரல் 29

ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு படிகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது 24 மணி நேரம், அறிகுறி திரும்பினால் இறங்கி வர வேண்டும். இன்று இரண்டாம் படி: நகராத சைக்கிளில் 20 நிமிடம். பன்னிரண்டாவது நிமிடத்தில் தானே நிறுத்திவிட்டாள். "வலிக்குது" என்றாள். அவளாகவே சொன்னாள்! காரில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மே 5

காலையில் தாள் மேசைமேல் இருந்தது. 0. மாடிக்குப் போனேன். குளியலறைக் கதவின் கீழே வெளிச்சம்.

மே 8

நான்காம் படி முடிந்தது, டாக்டர் கையெழுத்தும் கிடைத்தது. மோதல் உள்ள பயிற்சி நாளை 4 மணிக்கு.

மே 9

3.20. வந்துவிட்டேன். காரில்தான் இருக்கிறேன்.