படைப்பு மாறட்டும், தரை மாறக் கூடாது

பாலக்காட்டின் கிழக்கோரத்தில், வேலந்தாவளத்திலிருந்து கோவிந்தாபுரம் வரை, தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடைப் பெஞ்சில் புழங்குகின்றன. நவீன நடனக்காரர்கள் இங்கே தங்கிப் படைப்பு செய்ய விரும்புவதற்குக் காரணம் உண்டு. பாலக்காட்டுப் பகவதி கோயில்களில், கூத்துக்கென்றே கட்டிய கூத்துமாடங்களில் கம்பன் பாட்டோடு தோல்பாவைக் கூத்து நடக்கிறது. செண்டைக்காரர்களும் பறைக்காரர்களும் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கிறார்கள்.

வருகிறவர்களிடம் பெரும்பாலும் எழுதிய பிரதி இருக்காது. ஒரு கேள்வி, சில அசைவுகள், ஒரு வீடியோத் துண்டு, அவ்வளவுதான். படைப்பு கடைசி வாரம்வரை மாறும், மாறவும் வேண்டும். அதனால்தான் அவர்களுக்கு இடம் ஏற்பாடு செய்கிற நாங்கள் தரை, மின்சாரம், நேரம், சம்பளம் ஆகியவற்றை முதல் நாளே முடித்துவிட வேண்டும் என்கிறோம். ஒத்திகைக்கு நடுவில் ‘இந்த இடம் புரியவில்லையே’ என்று கருத்துச் சொல்வது உதவியில் சேராது.

அதிகம் தவறுவது தரையில்தான். கல்யாண மண்டபத்து டைல்ஸ், சிமென்ட் தரை இரண்டும் குதிப்பவர் காலுக்கு எதிரிகள். சில நாளிலேயே முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி தொடங்கும். கயிற்றுப் பாயோ ஜமக்காளமோ விரித்தால் அதிர்ச்சி குறையாது, வழுக்கல்தான் கூடும். 24-க்கு 20 அடி இடத்துக்கு 8-க்கு 4 அடி பிளைவுட் ஓர் அடுக்குக்கு 15 பலகை வேண்டும். 12 மில்லிமீட்டரில் இரண்டு அடுக்கு, மொத்தம் 30. கீழே ரப்பரோ அடர்ந்த ஃபோமோ ஒட்டிய ரீப்பர்களை (மரச் சட்டங்களை) 40 சென்டிமீட்டர் இடைவெளியில் போட்டு, மேலடுக்கைக் கீழடுக்குக்குக் குறுக்காக, இணைப்புகள் நேருக்கு நேர் வராமல் பதிக்க வேண்டும். ஆணி அடித்தால் நாலு நாளில் தலை தூக்கும். ஸ்க்ரூ போட்டுத் தலையைப் பலகைக்குள் இறக்கிவிடுங்கள். பலகைமேல் போடும் வினைல் விரிப்பை உருட்டு பிரித்த உடனே ஒட்டக் கூடாது, சில மணி நேரம் படிய விட வேண்டும். உச்சி வெயிலில் விரிந்த நிலையில் ஒட்டினால் இரவில் சுருங்கி டேப்பைப் பிடுங்கும். குளிரில் ஒட்டினால் பகலில் கொப்பளம். நிகழ்ச்சி நடக்கிற நேரத்துச் சூட்டிலேயே ஒட்டுவது நல்லது.

இந்தத் தரை எல்லோருக்கும் ஒத்துவராது என்பதுதான் சிக்கல். நடன இயக்குநர் சந்திரலேகா 1985-இல் ‘அங்கிகா’வில் களரிப்பயட்டையும் பரதத்தையும் சேர்த்துவைத்த பிறகு இப்படிப்பட்ட கூட்டு வழக்கமாகிவிட்டது. ஆனால் களரிக்காரர் பழகியது 42-க்கு 21 அடி மண் தரையில். நெகிழும் பலகையில் அவருடைய மிதி அடங்கிப்போகும், சமநிலையும் ஒரு நொடி தள்ளும். சலங்கை வினைலைக் கிழிக்கும். ஆகவே ஒரு பக்கம் 6 அடி அகலத்துக்குத் தரையை வெறுமனே விட்டு, யார் எங்கே நிற்பது என்று முதல் வாரத்திலேயே கேட்டு வைப்போம்.

‘கரண்ட் இருக்குங்க’ என்று மண்டபக்காரர் சொன்னால் ஃபேனுக்கும் மைக் செட்டுக்கும் இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1000 வாட் பார் (PAR) மேடை லைட் ஒன்று 230 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 15 ஆம்பியர் சாக்கெட் மூன்றைத்தான் தாங்கும். 12 லைட் என்றால் 52 ஆம்பியர். மூன்று ஃபேஸுக்கும் நாலு நாலாகப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் 25 கேவிஏ ஜெனரேட்டர். லைட்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரோடு சேர்த்து ஒலி மிக்ஸரையும் லேப்டாப்பையும் ஒரே லைனில் கொடுத்தால் ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று இரைச்சல் வரும். ஒலிக்கும் வீடியோவுக்கும் தனி லைன், இரண்டுக்கும் ஒரே எர்த்.

தோல்பாவையும் புரொஜக்டரும் ஒரே மேடையில் வரும்போது வேலை சுவையாகிறது. மரபில் 42 அடி மாடத்தில் 21 விளக்குச் சுடர்தான் நிழலைத் தருகிறது. புரொஜக்டரோ கறுப்புப் படம் காட்டும்போதும் சாம்பல் வெளிச்சத்தைக் கசியவிடும். அது திரையில் பட்டால் நிழல் வெளுத்துவிடும். லென்ஸுக்கு முன்னால் ஓர் அட்டை மடலைக் கட்டி, ஒருவர் கையால் மூடித் திறப்பதைவிட நம்பகமான வழி இதுவரை எங்களுக்குத் தெரியவில்லை. சுடருக்காக ஃபேனை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஆடுகிறவர் வியர்த்து வினைல் வழுக்கும். காட்சிக்குக் காட்சி உலர்ந்த துணியால் துடைக்க ஓர் ஆள் தேவை. அதையும் நடன அசைவாகவே அமைத்துக்கொண்டவர்கள் உண்டு, பார்க்க நன்றாகவே இருந்தது.

வெளி மேடை என்றால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து அடிக்கும், திரை பாய்மரமாகிவிடும். கெட்டித் துணிக்குப் பதில் வலைத்துணி கட்டி அடியில் இரும்புக் குழாய் செருகினால் தாங்கும். பனி இறங்கினால் வினைலில் குதிக்க விடாதீர்கள்.

தேதி பார்க்கும்போது கோயில் நாட்காட்டியை முதலில் பாருங்கள். தை பிறந்ததும் பாவைக்கூத்து நடத்தும் புலவர்களும் மேளக்காரர்களும் திருவிழாக்களுக்குப் போய்விடுவார்கள். மாசியில் சித்தூர்ப் பகவதி கோயில் திருவிழாவான கொங்கன் படை வேறு. கோடையில் ஒத்திகை காலை 6 முதல் 9.30, பிறகு மாலை 5-க்கு மேல்தான். சுளுக்குக்கு ஐஸ் வேண்டுமென்றால் மருந்துக் கடைக்குப் போகும் முன் மீன் கடையில் கேளுங்கள்.

பணத்தில் சண்டை வருவது தொகையால் குறைவு, கணக்கிடும் முறையால்தான் அதிகம். நடனக்காரர் மாதக் கணக்கு, கூத்துக்காரர் இரவுக் கணக்கு. ஒத்திகை நாளுக்குக் காசு உண்டா என்று கூத்துக்காரர் கேட்கமாட்டார், கொடுக்காவிட்டால் அடுத்த முறை வரமாட்டார். எல்லோருக்கும் நாள் கூலி ஒன்றாக வைத்து, அச்சாரத்தோடு எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. வரி பிடிக்க வேண்டிய தொகையானால் பான் இல்லாதவருக்குப் பிடித்தம் கூடும், 20 சதவீதம். அந்த வித்தியாசத்தை முன்பே சொல்லி, பான் எடுக்கவும் உதவுங்கள். கோவையிலிருந்து வாளையார் தாண்டி வரும் கருவிகளின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் டெலிவரி சலானும் வண்டியிலேயே இருக்க வேண்டும், திரும்பும்போதும்தான்.

மாடத்தில் மட்டும் நடக்க வேண்டிய சடங்குப் பகுதி எது, மேடைக்கு வரலாம் என்பது எது என்று புலவரிடம் தனியாகக் கேளுங்கள். நடன இயக்குநர் பக்கத்தில் நின்றால் மரியாதைக்காகச் ‘சரி’ என்றுவிடுவார். வீடியோ எடுக்கவும் இணையத்தில் போடவும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாத படைப்பு என்பதால் ஒவ்வொரு ஒத்திகையையும் ஒரே கேமராவில், முழு மேடையும் தெரிய, வெட்டாமல் பதிந்து தேதியிட்டு வைக்கிறோம். ஒரு பிரதி பென் டிரைவில் கூத்துக்காரர் வீட்டுக்கும் போகும்.